அக்காவின் காது

டீச்சருக்கு அடுத்த ஊர் எப்போதும் தயாராக இருக்கும். இந்த ஊருக்கு வந்து பெட்டியைத் திறந்த அன்றே சுவரில் ஓர் உலக வரைபடத்தை ஒட்டி, அடுத்து ஒரு தீவுப் பள்ளிக்கூடம், அதற்கடுத்து மலைமேல் ஒரு குளிர்ப் பிரதேசம் என்று சிவப்புப் பென்சிலால் கோடு இழுத்துவிட்டாள். சம்பளம் வேண்டாம், தங்க ஓர் அறையும் வேளைக்குச் சாப்பாடும் கொடுத்தால் போதும், எந்த நாட்டுக்கும் போய் இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பாள். கல்யாணப் பேச்சை வீட்டார் கைகழுவிப் பல காலம் ஆயிற்று. தலை நரைத்தவள் ஊர் சுற்றலாமா என்ற பேச்சை மட்டும் அவளுடைய அக்கா விடுவதாக இல்லை.

அக்கா ரயில் நிலைய விசாரணைக் கவுண்ட்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். தினமும் போன் செய்து ஒரே கேள்வியைக் கேட்பாள்.

"எப்ப வீட்டுக்கு வர்றதா உத்தேசம்? வருவியா, மாட்டியா?"

"வர்றேன்க்கா," என்பாள் டீச்சர். எப்போது என்பதை மட்டும் சொல்லமாட்டாள்.

வகுப்பு நடந்தது ஒரு ரொட்டிக்கடையின் மாடியில். கீழே அடுப்பு எரிவதால் தரை எப்போதும் வெதுவெதுவென்று இருக்கும். குளிர்காலத்தில் பாடம் பிடிக்காதவர்கள்கூட வகுப்புக்கு வந்துவிடுவார்கள். எல்லோரும் வேலை முடித்து வருகிறவர்கள். டீச்சர் ஒவ்வொருவருக்கும் தமிழில் ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தாள். பஸ் ஓட்டுகிறவர் 'ஆமை'. விடிவதற்கு முன்பே எழுந்து மாவு பிசைந்துவிட்டு வகுப்பில் கண்ணைச் செருகும் ரொட்டிக்கடைக்காரர் 'தூங்குமூஞ்சி'. ஹோட்டலின் நிலவறையில் துணி வெளுத்துத் தேய்க்கும் பெண்மணி 'இஸ்திரி'. அர்த்தம் தெரியாததால் மூவரும் அந்தப் பெயர்களைப் பெருமையாகவே சுமந்தார்கள். அவர்கள் பேசியதெல்லாம் ஊர்மொழியும் இங்கிலீஷும் கலந்த கதம்பம். இதை வாசிப்பவர்களுக்கு ஏன் சிரமம், தமிழிலேயே சொல்லிவிடலாம்.

இஸ்திரிக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. நிலவறையின் நீராவியில் அவளுக்கு மூச்சிரைப்பு வந்துவிட்டது. அந்த இடத்தை விட்டு வெளியே வராவிட்டால் மருந்து கொடுத்துப் பயனில்லை என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். அதே ஹோட்டலின் மாடியில், அறைகளில் தங்குகிறவர்களின் போனை எடுத்துப் பேசும் மேஜையில் ஓர் இடம் காலியாகப்போகிறது. ஜன்னலோர மேஜை. இங்கிலீஷில் பேசத் தெரிந்தால் போதும். அதற்காகத்தான் அவள் ஒருநாள்கூட வகுப்பைத் தவறவிடாமல் வந்துகொண்டிருந்தாள்.

"உனக்குக் கிடைக்கலன்னா வேற யாருக்குக் கிடைக்கும்? என் வகுப்புலயே நல்லா பேசுறது நீதான்," என்று சொல்லி அனுப்பினாள் டீச்சர்.

இஸ்திரி போன வேகத்தில் திரும்பி வந்தாள். மேலாளர் உள்ளறையிலிருந்து போன் செய்து, தங்க வந்தவர்போல் பேசிப் பார்த்தாராம். அவர் கேட்டதெல்லாம் இவளுக்குப் புரிந்தது. இவள் சொன்ன ஒன்றுமே அவருக்குப் புரியவில்லை. ஆள் இரக்கமுள்ளவர் என்பதால் அடுத்த வாரம் இன்னொரு தடவை வரச் சொல்லியிருக்கிறார்.

"அந்த ஆளுக்குக் காதுல ஏதோ கோளாறு," என்று டீச்சர் அடித்துச் சொன்னாள். அவளுக்கு அதில் துளியும் சந்தேகம் இல்லை. தேநீர் போட்டுக் கொடுத்தால் இஸ்திரியின் முகம் தெளியும் என்று எழுந்து போய்க் கெண்டியை அடுப்பில் வைத்தாள்.

அப்போது மேஜைமேல் இருந்த போன் அடித்தது. பக்கத்தில் இருந்த இஸ்திரி எடுத்து, டீச்சர் தேநீர் போடுகிறார், இதோ வந்துவிடுவார் என்று இங்கிலீஷில் பணிவாகச் சொன்னாள். டீச்சர் வந்து போனை வாங்கினாள்.

"யாருடி அது? என்ன பாஷை பேசுறா?" என்றாள் அக்கா.

"இங்கிலீஷ்க்கா."

"விளையாடாத. எத்தனை தினுசு இங்கிலீஷ் அந்தக் கவுண்ட்டர் கண்ணாடி ஓட்டை வழியா என் காதுல விழுந்திருக்கு. இது எதுலயும் சேராது."

டீச்சருக்கு முதலில் சுள்ளென்று கோபம் வந்தது. அக்காவுக்குத் தங்கையை மட்டம் தட்டாவிட்டால் பொழுது போகாது. போனை வைத்துவிட்டு, "சரி, நீ சொல்லு, என் ரூம்ல தண்ணி வரல, நான் என்ன செய்யணும்?" என்று இஸ்திரியைக் கேட்டாள். இஸ்திரி வாயைத் திறந்து இரண்டு வார்த்தை சொல்வதற்குள் டீச்சரின் தலை புரிந்துவிட்டதாகத் தானாக ஆடியது. அது ஆடியதும் இஸ்திரி மீதியை முழுங்கிவிட்டுச் சிரித்தாள்.

டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. அவர்கள் முக்கால்வாசி முழுங்குவதைக்கூடப் புரிந்துகொள்ள அவள் இந்த மாடியில் பழகியிருந்தாள். அவர்கள் இங்கிலீஷ் கற்றுக்கொண்டதைவிட அவள் அவர்களைக் கற்றுக்கொண்டதுதான் அதிகம். வகுப்பில் எல்லோரும் நன்றாகப் பேசினார்கள், அவளிடம் மட்டும்.

மனதுக்குள் அழுதாளோ என்னவோ, வெளியே காட்டவில்லை. உட்கார்ந்து புலம்புகிற ஜாதி அல்ல அவள். உடனே அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, நீ நாளையிலிருந்து என் வகுப்புக்குப் போன்ல வரணும்."

"எனக்கு வேற வேலை வெட்டி இல்லையா?"

"இல்லன்னு உனக்கே தெரியும்."

மறுநாள் வழக்கத்தைவிட முன்னதாகவே போன் வந்தது. டீச்சர் அதை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தாள்.

அக்கா ஹோட்டலில் தங்க வந்தவளாக மாறினாள். குழாய் ஒழுகுகிறது என்றாள், போர்வை போதவில்லை என்றாள், பக்கத்து அறையில் சத்தம் என்றாள். இஸ்திரி பதில் சொல்லச் சொல்ல, கவுண்ட்டரில் பழகிய அதே குரலில், கோபமும் இல்லாமல் குழைவும் இல்லாமல், இங்கிலீஷில் ஒன்றையே சொன்னாள்: "புரியல. திரும்பச் சொல்லுங்க." மரியாதைக்குக்கூட ஒருமுறை புரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. இஸ்திரியின் கண் கலங்கியது. டீச்சர் பொறுக்காமல் குறுக்கே புகுந்து, "அவ என்ன சொல்றான்னா..." என்று ஆரம்பித்தாள்.

"நீ வாயை மூடிட்டு வெளிய போ," என்றாள் அக்கா.

சொந்த வகுப்பிலிருந்து வெளியேற்றப்பட்ட டீச்சர் மாடிப்படியில் போய் உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் ஆமையும் வெளியே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கும் நாலு 'புரியல' விழுந்திருந்தது. உள்ளே இஸ்திரி ஒரே வாக்கியத்தை மெதுவாக, இன்னும் மெதுவாக, வாயை நன்றாகத் திறந்து சொல்லிக்கொண்டிருந்தாள். திடீரென்று போனில், "ஆங், இப்போ புரியுது," என்று அக்காவின் குரல் கேட்டது. தூங்குமூஞ்சி விழித்துக்கொண்டு கை தட்டினார்.

அந்த வாரம் முழுக்க இதே கூத்துதான். வகுப்பில் எல்லோரும் அவளை 'அக்கா' என்றே கூப்பிட்டார்கள். அதுதான் பெயர் என்று நினைத்துக்கொண்டார்கள். அக்காவும் "எப்ப வர்ற" என்று கேட்பதை மறந்துபோனாள். தங்கையிடம் பேசவே அவளுக்கு நேரமில்லை.

இஸ்திரி மறுபடி மேலாளரைப் பார்க்கப் போக வேண்டிய நாளும் தீவுக்குக் கப்பல் கிளம்பும் நாளும் ஒன்றாக அமைந்தது. டீச்சர் யோசித்துப் பார்த்தாள். தீவு எங்கேயும் ஓடிவிடாது.

"நான் அடுத்த கப்பல்ல போறேன். உன் கூட ஹோட்டலுக்கு வர்றேன்," என்றாள்.

இஸ்திரி தலையை ஆட்டி மறுத்தாள். "வேண்டாம் டீச்சர். நீங்க அங்க நின்னா நான் உங்க மூஞ்சியைத்தான் பார்ப்பேன். உங்க தலை ஆடும். நான் பாதியில நிறுத்திடுவேன்."

டீச்சருக்கு வலித்தது. ஆனாலும், இவ்வளவு நீளமாக இங்கிலீஷில், ஓர் இடத்திலும் முழுங்காமல் இஸ்திரி பேசியது அதுதான் முதல் தடவை. டீச்சர் வரைபடத்தைச் சுவரிலிருந்து உரித்துச் சுருட்டினாள். ஆமை தன் பஸ்ஸிலேயே அவளைத் துறைமுகத்தில் கொண்டுவந்து விட்டார். அன்றைக்கு மட்டும் வேகமாக ஓட்டினார்.

தீவில் போன் கோபுரம் கடலோரத்தில் ஒன்றே ஒன்று. வந்து இறங்கி, அறையைக் கூட்டிப் பெருக்கி, புது வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதுப் பட்டப்பெயர்கள் வைத்து முடித்த பிறகுதான் அந்தப் பக்கம் போக வாய்த்தது. அக்காவுக்குப் போட்டாள், வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார் என்று வந்தது. மறுபடி போட்டாள், அதுவே வந்தது. பொறுமை போய், நேரே ஹோட்டலுக்கே போட்டாள்.

மணி ஒருமுறைதான் அடித்தது. யாரோ எடுத்து, ஹோட்டல் பெயரைச் சொல்லி, என்ன உதவி வேண்டும் என்று கேட்டார்கள். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் காதில் விழுந்தது. மூச்சில் இரைப்பு இல்லை.

டீச்சர் பெருமையாக ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். கடல்காற்றும் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வார்த்தைகளைக் குழப்பிவிட்டன. பிறகு, கோபமும் இல்லாமல் குழைவும் இல்லாமல், அக்காவின் அதே குரலில் பதில் வந்தது.

"புரியல. திரும்பச் சொல்லுங்க."

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாயை நன்றாகத் திறந்து, மெதுவாகத் திரும்பச் சொன்னாள்.