மலைக்குள் போன மூன்று பெட்டிகள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதையை நான் எழுத உட்கார்ந்ததே என் தப்பு ஒன்றைச் சமாளிக்கத்தான். என்ன தப்பு என்று மூன்றாம் பகுதியில் சொல்கிறேன். அதுவரை என்னை நல்லவன் என்றே நினைத்துக்கொண்டிருங்கள். எனக்கும் ஆசையாக இருக்கிறது.

முதல் வரியை ஐந்து தடவை எழுதிப் பார்த்தேன். "தண்டவாளங்கள், வாழ்க்கையைப் போலவே, ஒருபோதும்" (சீ, வேண்டாம். மேசை மேல் ஓடும் தண்டவாளம் இவ்வளவு தத்துவம் தாங்காது.) "அவள் கதவைத் திறந்தபோது" (எவள்? முதலில் ஆளைச் சொல்லு.)

சொல்கிறேன். பொம்மை விமானம், கப்பல், ரயில் விற்கும் கடை. அதன் கடைக்கார அக்கா. பின்னறையில் இரண்டு கட்டில் அகலத்துக்கு ஒரு மேசை. அதன் மேல் ஒரு மலை, ஒரு ஆறு, ஒரு ஸ்டேஷன், எல்லாவற்றையும் சுற்றி வரும் குட்டி ரயில். அத்தனையும் அக்கா தன் கையால் செய்தது. போன மழையில் கூரை ஒழுகி மலை பாதி கரைந்தது, ரயிலும் நின்றுபோனது. கடையில் பாதிப் பங்கு அக்காவின் தம்பிக்கு. மேசையைப் பிரித்துவிட்டு அலமாரி அடிக்கலாம் என்று அவன் ஒற்றைக் காலில் நின்றான். கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தார்கள்.

"சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணி. ஒரே ஒரு சுத்து. ரூம்ல இருக்கிற யாரும் ரயில்லயோ மலையிலயோ கை வைக்கக்கூடாது. ஓடிச்சுன்னா மேசை இங்கயே இருக்கட்டும்" என்றான் தம்பி.

"ஓடலைன்னா?"

"அலமாரிக்காரருக்குப் போன் போட்டுருவேன்க்கா."

2

உதவிக்கு வந்தது மூன்று வாடிக்கையாளர்கள்: ஒரு பஸ் டிரைவர், ஒரு பல் டாக்டர், நான். சம்பளம் கிடையாது, டீ உண்டு.

(பல் டாக்டரைக் கதையிலிருந்து தூக்கிவிடலாமா என்று யோசித்தேன். பல் சுரண்டும் கொக்கியால் தண்டவாளத்துத் துருவை எடுத்துக்கொண்டே, "லேசா கூசும், பொறுத்துக்கோங்க" என்று தண்டவாளத்திடம் சொல்கிறவரை நீங்கள் நம்புவீர்களா? ஆனால் அவரை எடுத்துவிட்டால் பழி முழுக்க என் தலையில் விழும். இருக்கட்டும்.)

டிரைவருக்கு வேகத்தைத் திருகும் குமிழ். ஒவ்வொரு வளைவிலும் அவர் கால் தரையில் பிரேக்கைத் தேடும். எனக்கு மலை. சனிக்கிழமை காலை வெள்ளோட்டம் விட்டோம். ரயில் ஜம்மென்று ஓடியது. அதற்குப் பிறகுதான் நான் மலைக்குக் காகிதக் கூழ் பூசப் போனேன்.

"எழுத்தாளரே, ஓட்டைன்னு ஒண்ணு கண்ணுல பட்டா விட்றாதீங்க" என்றார் டாக்டர். "சின்னதுதானேன்னு விட்டா நாளைக்கு மொத்தமும் போயிடும். அடைங்க, தேய்ங்க, மழமழன்னு ஆக்கிடுங்க."

அடைத்தேன். தேய்த்தேன். மேலே பச்சை மரத்தூள் தூவிப் புல்லும் வளர்த்தேன். சுவர்ப் பக்கத்தை டாக்டர் எட்டிப் பார்த்து, "ஓட்டை இருந்த இடமே தெரியலையே!" என்று முதுகில் தட்டினார். பள்ளிக்கூடத்தில்கூட நான் இவ்வளவு பாராட்டு வாங்கியதில்லை.

அக்கா மட்டும் டீயைக் குடிக்காமல் ஆறவிட்டாள். "இது போச்சுன்னா நான் வெறும் பேட்டரி விக்கிறவ. அவ்ளோதான்" என்றாள். இன்னும் ஆறாமல் இருக்கட்டும் என்று அவள் டம்ளர் வாயை ஒரு தட்டால் அடைத்தேன். அன்று எதைத்தான் நான் அடைக்கவில்லை.

3

நாலு மணி. தம்பி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். டிரைவர் சுவரை இரண்டு தட்டுத் தட்டி, "ரைட், போலாம்!" என்றார்.

மூன்று பெட்டிகளோடு ரயில் நகர்ந்தது! பாலத்தில் தடதடவென்று ஏறியபோது டாக்டர் குதித்தார். "ஸ்டேஷன்ல நிக்காமப் போறது என் சர்வீஸ்லயே இதான் முதல் தடவை!" என்று டிரைவர் கத்தினார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ரயில் மலைக்குள் நுழைந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மலைக்கு உள்ளே போக ஒரு வாசல். வெளியே வர, சுவர்ப் பக்கம், இன்னொரு வாசல். அந்த இரண்டாவதை நான்

(ஆமாம். அதுதான் தப்பு. புல்லுக்குள்ளிருந்து தண்டவாளம் முளைத்து வருவதைப் பார்த்தும், என்ன அழகு என்று நினைத்தவன் நான்.*)

* பல் டாக்டரும்தான்.

4

நான் எழுதிப் பார்த்த முடிவுகள். கூழ் இன்னும் காயவில்லை. ரயில் முட்டி மோதி, தலையில் புல்லோடு வெளியே வருகிறது. (எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். ஆனால் குற்றவாளியே தீர்ப்பு எழுதினால் ஊர் சிரிக்கும்.)

தம்பி மனம் மாறி, அக்காவின் கையைப் பிடித்து (அவனை உங்களுக்குத் தெரியாது.)

தம்பி போன் போடுகிறான். அலமாரிக்காரர் வருகிறார். அக்கா மலையை (மாட்டேன். எழுத மாட்டேன்.)

5

ஆகவே ரயில் இப்போதும் உள்ளே முட்டிக்கொண்டிருக்கிறது. கிர்ரென்று சக்கரம் சுழல்வது கேட்கிறது. டிரைவர் குமிழை விடவில்லை. டாக்டர் என்னைப் பார்க்கிறார், நான் கூரையைப் பார்க்கிறேன். தம்பி போனை எடுத்துவிட்டான். என் கை தன்னால் மலைப் பக்கம் போகிறது.

"யாரும் தொடாதீங்க" என்கிறாள் அக்கா. "பேச்சுன்னா பேச்சு." கண் கலங்கியிருக்கிறது, ஆனாலும் தொடவிடவில்லை.

தம்பி சொன்னதை இன்னொரு தரம் படித்துப் பாருங்கள். ரூமில் இருக்கிற யாரும் ரயிலிலோ மலையிலோ கை வைக்கக்கூடாது. நீங்கள் ரூமில் இல்லை.

கூழ் இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது. ஒரு விரலால் குத்தினால் போதும். புல் கலைந்தால் பரவாயில்லை, நான் பிறகு தூவிக்கொள்கிறேன். சுவர்ப் பக்கம், இதோ இந்த இடம்:

(          )