பூக்களின் முதுகு

“உங்க ஜன்னல்ல எங்க அக்கா அஞ்சு நிமிஷம் நிக்கணும்.”

கதவைத் திறந்தவள் தலையில் ஈரத்துண்டும் கையில் கரண்டியுமாக நின்றாள். வந்திருப்பது எதையாவது விற்க வந்தவளா, வீடு மாறிக் கதவைத் தட்டியவளா என்று மேலும் கீழும் பார்த்தாள்.

“யாரு நிக்கணும்?”

“அக்கா. இதோ, இவங்க.”

இவங்க என்று கை காட்டிய இடத்தில் அக்கா இல்லை. நாலைந்து படி கீழே இறங்கி, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி நின்றாள். திருடி மாட்டிக்கொண்டவள்கூட அப்படிக் கூனிக்குறுகி நின்றிருக்க மாட்டாள்.

அடுத்தவர் வீட்டு வாசலில் எதுவும் கேட்கக் கூடாது என்பது அக்கா தங்கைக்குப் போட்ட சட்டம். தண்ணீர் கேட்கக் கூடாது, உட்கார இடம் கேட்கக் கூடாது, உள்ளே வரட்டுமா என்றும் கேட்கக் கூடாது. தைத்த துணிகளை மூட்டை கட்டி வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்த நாட்களில் போட்ட சட்டம் அது. மூட்டை அக்காவின் தலையில். பள்ளிக்கூடப் பை தங்கையின் முதுகில். வாசலோடு கொடுத்துவிட்டு வாசலோடு திரும்பிவிட வேண்டும். தங்கை எத்தனையோ சட்டங்களை உடைத்திருக்கிறாள். கல்லூரியில் முதல்வரோடு மல்லுக்கு நின்றிருக்கிறாள், அலுவலகத்தில் மேலாளர் வாயை அடைத்திருக்கிறாள். இந்த ஒன்றை மட்டும் நேற்றுவரை தொட்டதில்லை.

இன்று தொட்டதற்குக் காரணம் கீழே, தெருவில், பத்து நிமிடத்துக்கு முன்னால் நடந்த சண்டை.

ஊர் சுற்றிப் பார்க்கக் கிளம்பி வந்தவர்கள் இவர்கள். தங்கை வேலைக்குச் சேர்ந்த பிறகு எடுத்த முதல் நீண்ட விடுமுறை, அக்கா வாழ்க்கையிலேயே எடுத்த முதல் விடுமுறை. பழைய ஊர். தெருவுக்குத் தெரு பிரெஞ்சு ஜன்னல்கள். தரையிலிருந்து கதவு மாதிரி எழும்பி, இரண்டாகப் பிளந்து திறக்கும் ஆளுயர ஜன்னல்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் இடுப்பளவு இரும்புக் கம்பி, கம்பியில் தொங்கும் நீளப் பெட்டி, பெட்டி நிறையப் பூ.

அக்காவுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. அருங்காட்சியகம் வேண்டாம், படகுச் சவாரி வேண்டாம், கடைவீதி வேண்டாம். தலையை அண்ணாந்தபடி தெருத்தெருவாக நடந்தாள். போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துத் தள்ளினாள். எடுத்த கையோடு படத்தைப் பெரிதாக்கி, மூலைமூலையாக நோட்டம் விட்டாள். சட்டைத் தொழிற்சாலையில் செக்கிங் மேசையில் பழகிய கண் அது. காலர் முனையும் பொத்தான் காஜாவும் பார்த்த கண், இப்போது கீலையும் சட்டத்தையும் பார்த்தது.

“இங்க பாரு, இடதுபக்கக் கதவு ஒரு விரக்கடை இறங்கியிருக்கு. இவ கோவிச்சுக்கிட்ட மருமக.”

ஜன்னல்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டே வந்தாள். நீலப் பெயிண்ட் காயாத ஜன்னல் புது மாப்பிள்ளை. கம்பியே தெரியாமல் பூ மண்டியது நகைக்கடை விளம்பரம். ஒற்றைச் செடியோடு நின்றது பென்ஷன் வாத்தியார்.

தங்கைக்கும் முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. அக்கா இப்படி வாய் ஓயாமல் பேசி அவள் பார்த்ததே இல்லை. அப்புறம்தான் ஒன்று உறுத்தியது. ஒரு படத்தில்கூட அக்கா இல்லை. “நில்லுக்கா, எடுக்கறேன்” என்றால் நழுவிவிடுவாள். “நான் எதுக்கு? ஜன்னல் மறைக்கும்.”

அந்த நேரம் பார்த்துத்தான் வீட்டுப் புரோக்கர் போன் செய்தான். அவனுக்குப் பதில் சொல்ல இன்று சாயங்காலம் வரைக்கும்தான் கெடு. அவர்கள் ஊரில், மாடியில் ஒரு போர்ஷன். இரண்டு அறை, ஒரு சமையலறை. தெருவைப் பார்த்த அறையில் ஆளுயர ஜன்னல் ஒன்று. தங்கை போன மாதம் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தது. இப்போது அவர்கள் இருப்பது அண்ணன் வீட்டு உள்ளறை. அதில் ஜன்னலே கிடையாது. மழை பெய்தால் அண்ணி துணி எடுக்க ஓடும் சத்தத்தை வைத்துத்தான் தெரியும்.

“சொல்லிடவா?” என்றாள் தங்கை, போனைக் கையில் வைத்துக்கொண்டு.

“வேண்டாம்டி. ரெண்டு பொண்ணுங்க தனியா வீடெடுத்துக் கெளம்பினா அண்ணன் மூஞ்சியில நான் எப்படி முழிக்கறது?”

“அண்ணன் மூஞ்சியைப் பத்தி எனக்குக் கவலையில்ல.”

“உனக்கு எவன் மூஞ்சியைப் பத்தித்தான் கவலை? நீ வேணா போ. எனக்கு அந்த ரூமு பழகிடுச்சு.”

“பழகிடுச்சா? இருட்டு பழகிடுமா? அப்புறம் எதுக்கு ரெண்டு நாளா ஊரான் வீட்டு ஜன்னலுக்கெல்லாம் பேரு வச்சுட்டு அலையற?”

“பாத்தா போதும். எல்லாம் நம்மளுதா இருக்கணுமா என்ன?”

அந்த “பாத்தா போதும்”தான் தங்கைக்குச் சுருக்கென்று ஏறியது. புரோக்கரின் அழைப்பை வெட்டினாள். அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தாள். எதிரே இருந்த கட்டடத்துக்குள் நுழைந்து, முதல் மாடிக்கு ஏறி, அழைப்பு மணியை அழுத்தினாள். கதவு திறக்கும் முன்பே அக்கா கையை உதறிக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

“எதுக்கு நிக்கணும்?” வீட்டுக்காரம்மா கரண்டியை இடுப்பில் ஊன்றிக்கொண்டாள்.

“படம் எடுக்கத்தான். நான் கீழ போய் எடுப்பேன். அவங்க ஜன்னல்ல நிப்பாங்க. அவ்வளவுதான்.”

“கேக்கறியா, மிரட்டறியா?”

தங்கை ஒரு கணம் யோசித்தாள். “கேக்கறேன். எனக்குக் கேட்டாலே அப்படித்தான் வரும்.”

வீட்டுக்காரம்மா படியை எட்டிப் பார்த்தாள். “ஏம்மா, நீ என்ன சுவத்துல வெள்ளையடிக்கவா வந்த? மேல வா. நாள் பூரா கீழ நின்னு படம் எடுக்கறாங்க, பூவை எடுக்கறாங்க, காயப்போட்ட என் பாவாடையைக்கூட எடுக்கறாங்க. மேல ஏறி வந்து கேட்டது இவ ஒருத்திதான். செருப்பை விட்டுட்டு வா.”

அக்கா வந்தாள். செருப்பை ஓரமாக, மிக ஓரமாக விட்டாள். உள்ளே போகும்போது தங்கையின் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். நிஜமாகவே வலித்தது.

தங்கை கீழே ஓடினாள். எதிர்ச்சாரிக்குப் போய், ஒரு பால்கடையின் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு போனைத் தூக்கினாள். ஜன்னல் சாத்தியிருந்தது. சிவப்புப் பூக்கள் பெட்டி கொள்ளாமல் வழிந்து தெருவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன. பிறகு கதவுகள் உள்பக்கமாகப் பிளந்தன.

அக்கா முதலில் ஓரமாகத்தான் தெரிந்தாள். பாதி உடம்பு கதவுக்குப் பின்னால். யாரோ பின்னாலிருந்து தள்ளியிருக்க வேண்டும், நடுவுக்கு வந்தாள். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் கட்டினாள், அவிழ்த்தாள், கடைசியில் கம்பியைப் பிடித்தாள். வெயில் நேராக முகத்தில் விழுந்தது. கண்ணைச் சுருக்கினாள். மூடவில்லை.

தங்கைக்குத் தெரிந்த அக்கா, ஒரு முதுகு. பத்தாவதிலிருந்து பட்டம் வாங்கும்வரை தங்கை படித்தது அந்த உள்ளறையில். இவள் படித்து முடிக்கும்வரை ட்யூப் லைட் எரியும். விடிந்தால் தொழிற்சாலைக்கு ஓட வேண்டிய அக்கா, கண்மேல் துணியைக் கட்டிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். விளக்கை அணைடி என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூடச் சொன்னதில்லை. புத்தகத்திலிருந்து தலை தூக்கும்போதெல்லாம் இவள் பார்த்தது அந்த முதுகைத்தான். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று அண்ணன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டான். அந்த முதுகைப் பற்றி யாரும் யாரிடமும் சொல்லவில்லை, இவள் உட்பட. நன்றி என்பது தங்கையின் தொண்டைவரை வரும், வாய்க்கு வரும்போது திட்டாக மாறிவிடும்.

இப்போது அக்காவின் முகம் மொத்தமும் திரையில் இருந்தது. தங்கை அழுத்தப் போகும் நேரத்தில் அந்த முகத்தின்மேல் புரோக்கரின் பெயர் வந்து நின்று அதிர்ந்தது.

“சனியன்,” என்று அதைத் தள்ளிவிட்டுத் தலை தூக்கினாள்.

அக்கா கம்பிமேல் முன்சாய்ந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள்ளேயே குரல் உயர்த்தாதவள், தொழிற்சாலையில் சூப்பர்வைசர் கூப்பிட்டால் கிட்டே போய்த்தான் பதில் சொல்கிறவள், ஒரு தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

“ஏய் கட்டெறும்பு! எனக்கு உன் உச்சந்தலை தெரியுதுடி!”

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். கட்டெறும்பு என்று கூப்பிடப்படும் ஆளைத் தேடி, பக்கத்தில் நிற்பவள்தான் என்று கண்டுகொண்டு சிரித்தார். தங்கை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். திரை மங்கலாகத் தெரிந்தது. போனைத் துடைத்துப் பார்த்தாள். மங்கல் போனில் இல்லை.

அந்த நிமிடமே அவள் முடிவு செய்துவிட்டாள். வீட்டைப் பற்றி இனி அக்காவிடம் கேட்பதாக இல்லை.

மேலே போனபோது அஞ்சு நிமிடம் எப்போதோ தாண்டியிருந்தது. அக்கா ஜன்னலை விட்டு நகரவில்லை. வீட்டுக்காரம்மா அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள்.

“இங்க வந்து பாரு,” என்றாள் அக்கா, திரும்பாமலே. “ரெண்டு நாளா எடுத்தோமே, இது தெரியல பாரு.”

தங்கை எட்டிப் பார்த்தாள். உள்ளிருந்து பார்த்தால் பூ இல்லை. தண்டுகள், காம்புகள், இலைகளின் வெளிறிய அடிப்பக்கம். ஒவ்வொரு பூவும் கழுத்தைத் திருப்பி வெளிச்சத்தைப் பார்த்து நின்றது. இந்தப் பக்கம் முதுகு மட்டும்தான்.

“எங்களுக்கு இதோட முதுகுதான்,” என்றாள் வீட்டுக்காரம்மா. “தண்ணி ஊத்தறது நான், பாக்கறது தெரு. ஒரு தடவை கடுப்பாகிப் பெட்டியையே திருப்பி வச்சேன். ஒரே வாரம், எல்லாம் கழுத்தைத் திருப்பிக்கிச்சு. நன்றி கெட்ட ஜென்மங்க.”

“இல்லைங்க,” என்றாள் அக்கா சட்டென்று. பிறகு, எதிர்த்துப் பேசிவிட்டோமே என்று தயங்கியவள் போலக் குரலைத் தணித்தாள். “வெளிச்சம் இருக்கற பக்கம்தானே திரும்பணும். அதுக்குத்தானே தண்ணி ஊத்தறோம்.”

தங்கைக்கு வாயில் ஒரு வசவும் வரவில்லை. அக்கா கிள்ளிய இடத்தைத் தடவிக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்காரம்மா கம்பிக்கு வெளியே கைவிட்டு ஒரு தண்டை ஒடித்தாள். கீழ் இலைகளைக் கிள்ளி எறிந்துவிட்டு, ஈரத்தாளில் சுற்றி அக்காவிடம் நீட்டினாள். “ஜெரேனியம். மண்ணுல குத்தி வச்சா போதும், பிடிச்சுக்கும். தண்ணி கொஞ்சமா ஊத்து. வெயில் மட்டும் வேணும்.”

தங்கை அக்காவின் வாயைப் பார்த்தாள். யார் எதை நீட்டினாலும் அந்த வாயிலிருந்து “வேண்டாங்க” வரும். தங்கை பிறந்ததிலிருந்து கேட்ட வார்த்தை.

அக்கா வாங்கிக்கொண்டாள். ஈரத்தாளை விலக்கி, காஜா சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது போல ஒடித்த முனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இதைக் கொண்டு போய் எங்கடி வைக்கறது?”

தங்கையின் கையில் போன் மறுபடி அதிர்ந்தது.

“நீ இங்கயே நில்லு. நான் ஒரு போன் பேசிட்டு வரேன்.”

“யாருக்கு?”

“உனக்குத் தெரியாதா?”

அக்கா தண்டை மறுபடி ஈரத்தாளில் சுற்றினாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. தங்கை வாசல்வரை போனவள் வீட்டுக்காரம்மா பக்கம் திரும்பினாள். “நீங்க செஞ்சது சின்ன விஷயம் இல்ல. சொல்லிட்டேன், அவ்வளவுதான்.”

“அடேங்கப்பா, நன்றி சொல்றதையும் சண்டை மாதிரியே சொல்றா,” என்று வீட்டுக்காரம்மா சிரித்தாள். “போ, போய்ப் பேசு. உன் அக்காவுக்கு நான் டீ போட்டுத் தரேன்.”

படியில் இரண்டு திருப்பம் இறங்கியிருப்பாள். போனைக் காதில் வைத்து “புரோக்கரண்ணே, அட்வான்ஸ் இன்னிக்கே அனுப்பிடறேன், வீட்டை வேற யாருக்கும் காட்டாதீங்க” என்று சொல்லிக்கொண்டிருக்கையில் மேலேயிருந்து அக்காவின் குரல் படிக்கட்டெல்லாம் எதிரொலித்து இறங்கி வந்தது.

“கட்டெறும்பு! அந்த ஜன்னல்ல காலை வெயில் விழுமா, சாயங்கால வெயில் விழுமான்னு கேளு!”

அவள் நிற்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. அதையே போனில் புரோக்கரிடம் கேட்டுக்கொண்டே தெருவில் இறங்கி நடந்தாள்.