கண்டால் கொண்டுவாறன்

1

இந்தக் கதை ஒரு வடைப் பார்சலிலிருந்து கிடைத்தது. உப்புக்குளத்தில் நசீறா அக்காவின் கடையில் வடை சுற்றித் தந்த பத்திரிகைத் துண்டில் ஒரு படம். அரிப்பு என்ற மீனவ ஊரின் கரையில் றிபன் கட்டிய சாம்பல் நிறப் படகு, சீருடைக்காரர்கள், ஒரு வெள்ளைக்காரப் பெண். கீழே, ‘நட்பு நாடு அன்பளித்த ரோந்துப் படகை ஆரவாரத்துடன் வரவேற்கும் மக்கள்.’ மக்கள் என்று தேடினால் ஒரேயொரு பெண்தான், எண்ணெய் ஊறிய மூலையில், வாயை அகலத் திறந்தபடி.

அவள் ஆரவாரிக்கவில்லை. யாரையோ கூப்பிடுகிறாள். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. வடையைக் கடையிலேயே விட்டுவிட்டுத் துண்டோடு வீட்டுக்கு ஓடினேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி: ‘பனி கொட்டிக்கொண்டிருந்த அந்தக் காலையில், அரிப்புத் துறையில் ஒரு தனித்த உருவம்—’

என் முதல் வாசகியும் எதிர்வீட்டுக்காரியுமான றாபியா அங்கேயே நிறுத்தினாள்.

“அரிப்பில எப்பயடி பனி கொட்டினது?”

“விடியப்புறப் பனி.”

“கொட்டுதாம். உந்த மொழிபெயர்ப்புப் புத்தகங்களைக் கொஞ்சநாள் அலுமாரிக்குள்ள வச்சுப் பூட்டு.”

இரண்டாம் முயற்சி: ‘பிரான்சிஸ்காவின் கணவன் சந்தியோகு கடலுக்குப் போய்த் திரும்பவில்லை.’ கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பழியைக் கடலின் மேல் போடுகிறது. சண்டைக் காலத்தில், பட்டப்பகலில், படையின் படகொன்று அவனுடைய வள்ளத்தை மறித்து அவனை ஏற்றிக்கொண்டு போனது. வள்ளம் மட்டும் காற்றோடு கரைக்கு வந்தது. கேட்டபோது, அப்படி ஒருவரையும் பிடிக்கவில்லை என்றார்கள்.

(எந்தப் படை, எந்த நட்பு நாடு என்று எழுதமாட்டேன். “படகுக்குப் பெயின்ற் அடிச்சா நாடு மாறியிரும்” என்கிறாள் றாபியா.)

3

இப்போது கொஞ்சம் கட்டுரை. பொறுத்துக்கொள்ளுங்கள், இந்த இடத்தில்தான் எனக்குத் தூக்கம் போனது.

என் கதையில் வரும் நட்பு நாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. ஆட்களைக் காணாமல் ஆக்கிய படைக்கு ஆயுதமோ கப்பலோ கொடுக்கக்கூடாது. யோசித்துப் பாருங்கள். சந்தியோகுவை ஒருநாளும் கண்டிராத மனிதர்கள், எங்கோ ஒரு மண்டபத்தில் கூடி, அவனுக்காகக் கை உயர்த்தியிருக்கிறார்கள்! எனக்கு எழுந்து ஆடலாம்போல இருந்தது.

பிறகு யோசித்தேன். காணாமல் ஆக்கினீர்களா என்று அவர்கள் யாரிடம் கேட்பார்கள்? படையிடம். படை என்ன சொல்லும்?

ஆனாலும் சட்டம் சட்டம்தானே. ஆகவே அந்த நாட்டுத் தூதரகத்திலிருந்து ஒரு பெண் வருகிறாள், படத்திலிருந்த வெள்ளைக்காரிதான். மக்களை நேரில் பார்த்துவிட்டுத்தான் படகைக் கையளிக்கும் தாளில் கையெழுத்திடுவாள். அவள் காதருகே மொழிபெயர்க்க பாலசிங்கம் என்பவர். அவளுக்குக் காட்ட ஒரு நல்ல காட்சி வேண்டுமென்று படையின் கொமாண்டர், ஊர்க் கோவில் பங்குத்தந்தை யோசேப் சுவாமியிடம் போகிறார்.

“பாதர், உங்கட முறைப்படியே படகை மந்திரிச்சுத் தாங்கோ.”

“முழு முறையுமோ?”

“முழுக்க. ஒண்டும் விடவேண்டாம்.”

“சரி” என்றார் சுவாமி.

4

முழு முறை* என்னவென்றால், தீர்த்தம் தெளித்த பிறகு, புதுப் படகு தண்ணீரைத் தொடுமுன், கடலில் ஆளைப் பறிகொடுத்த ஒரு வீட்டுப் பெண் அணியத்துக்கு, அதாவது படகின் முன்மூக்குக்கு, முன்னால் நின்று அந்த ஆளின் பெயரைக் கூப்பிடவேண்டும். படகுக்குச் சொந்தக்காரர், ‘கண்டால் கொண்டுவாறன்’ என்று பதில் சொல்லவேண்டும். அப்படிச் சொல்லாதவரின் படகை ஒருவரும் தள்ளமாட்டார்கள்.

* இந்த வழக்கத்தை நான்தான் உண்டாக்கினேன். அரிப்புக்குப் போய் விசாரிக்கவேண்டாம்.

இந்தத் தடவை கூப்பிடவேண்டியவள் பிரான்சிஸ்கா. மகன் அம்புறோஸ் வலையைத் தைத்துக்கொண்டே கேட்கிறான்.

“மார்த்தா மாமி கூப்பிடட்டுமன். அவவின்ர மனுசன் சூறாவளியில போனவர். ஒருத்தருக்கும் கோவம் வராது.”

“மார்த்தா போனமுறைப் படகுக்குக் கூப்பிட்டவ.”

“நான் கடலுக்குப் போற பாஸ் அவங்கட கையில இருக்கணை.”

“தெரியும்.”

“அதைப் பறிச்சா என்னத்தைத் தின்னுறது?”

“கொப்பரும் பாஸோடதான் போனவர்.”

(இங்கே அவளைச் சந்தேகித்தேன். இவ்வளவு துணிச்சலா? “பயப்பிடாத பொம்பிளை புத்தகத்திலதான் இருப்பா” என்றாள் றாபியா. ஆகவே ஒரு வரி சேர்க்கிறேன்: கரைக்குப் போன பிறகுதான், செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டிருப்பதைக் கண்டாள்.)

5

சுவாமி தீர்த்தம் தெளித்தார். படகைத் தள்ள ஊர் இளைஞர்களை நிறுத்தியிருந்தார்கள். அம்புறோஸும் அதில் ஒருவன். பிரான்சிஸ்கா அணியத்துக்கு முன்னால் வந்தாள்.

நான் மறந்த ஒன்று இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. கட்டிய நாளிலிருந்து அவள் புருசனின் பெயரை வாயால் சொன்னதே இல்லை. எப்போதும் ‘இஞ்சாருங்கோ’தான்.

“சந்தியோகு...”

கமெரா மின்னியது. எங்கள் படம் இதுதான்.

கொமாண்டர் சிரித்தபடி நின்றார், பிறகு சிரிப்பை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். படகின் விளிம்பிலிருந்து முதலில் கையை எடுத்தவன் அம்புறோஸ். பிறகு மற்றவர்கள். தூதரகப் பெண் பாலசிங்கத்தின் பக்கம் திரும்பினாள். “அவ என்ன சொல்லுறா?”

6

முடிவு, ஒன்று: “உங்களை வாழ்த்துறா” என்கிறார் பாலசிங்கம். கையெழுத்து விழுகிறது. பத்திரிகை வைத்திருக்கும் முடிவு இது.

முடிவு, இரண்டு: அவர் உள்ளதைச் சொல்கிறார். அவள் பேனையை மூடுகிறாள். அடுத்த மாதம் வேறொரு நாடு, ஒன்றும் கேட்காமல், இதைவிடப் பெரிய படகை— (அடித்துவிட்டேன். அடித்த பிறகும் வாசிக்கத் தெரிகிறது.)

முடிவு, மூன்று: சுவாமி சொல்லிக்கொடுக்க, கொமாண்டர் தட்டுத்தடுமாறிச் சொல்லிவிடுகிறார். “கண்டால் கொண்டுவாறன்.” றாபியாவுக்கு இதுதான் பிடிக்கும். “சொல்லிப்போட்டான். இனி ஒவ்வொரு நாளும் முகாம் வாசல்ல போய்க் கேக்கலாம்.”

எனக்கு மூன்றும் போதவில்லை. சொந்தக்காரர்தானே பதில் சொல்லவேண்டும்? அன்பளிப்புப் படகுக்கு யார் சொந்தக்காரர்?

எவ்வளவோ தூரத்துக் கதைகள் மொழிபெயர்ப்பில் என்னிடம் வந்திருக்கின்றன. ஒன்றாவது எதிர்ப்பக்கமாகப் போகட்டும். பாலசிங்கத்தைவிட நல்ல மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இதைத் தூக்கிக்கொண்டு அந்த நாட்டுக்குப் போகட்டும். அங்கே இதை வாசிக்கிறவரே, படகு உங்கள் வரிப்பணத்தில் கட்டியது. அது இன்னும் மணலில்தான் நிற்கிறது. ஒருவருடைய கையும் அதன்மேல் இல்லை. அம்புறோஸ் தாயின் பக்கத்தில் வந்து நிற்கிறான்.

அவள் கூப்பிட்டுவிட்டாள். பதிலை நீங்கள் சொல்லுங்கோ.