ஆறு மணிக் காப்பி

துடியலூரில் ராமாமணியும் அவள் கணவர் ஈஸ்வரமூர்த்தியும் முகம் கொடுத்துப் பேசி நான்கு நாளாகியிருந்தது. பவானியில் அவளுடைய அண்ணன் புதுவீடு குடிபோனார். தங்கை புருஷனை நேரில் வந்து அழைக்காமல் போனிலேயே கூப்பிட்டுவிட்டார். ஈஸ்வரமூர்த்திக்கு அது மன்னிக்க முடியாத குற்றம். "நீயே போய்க்கோ" என்றார். அவளும் போய் வந்தாள். அந்த வீட்டில் வீம்புக்கு மட்டும் என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை.

இதற்கிடையில் மகளின் மாமியார் நாச்சியம்மாள், ஆர்.எஸ்.புரத்தில் கல்யாணச் சேலை எடுக்க வந்து இவர்கள் வீட்டில் தங்கினார். சம்பந்தி முன்னால் குட்டு வெளிப்படலாமா? ராமாமணி சுவரைப் பார்த்து, "காப்பி வெச்சிருக்குதுங்க" என்பாள். அவர் ஜன்னலைப் பார்த்து, "செரி" என்பார். அதோடு குடித்தனம் நடந்தது.

அன்று காலை ஆறு மணிக்கும் முன்னறை ஸ்டூலில் டம்ளரை வைத்துவிட்டு அப்படியே சொன்னாள். நாற்காலியில் அவர் முதுகு தெரிந்தது. பதில் வரவில்லை. வீம்பு முற்றிவிட்டது என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். எட்டு மணிக்கு வந்து பார்த்தால் காப்பியில் ஆடை படிந்திருந்தது. ஈஸ்வரமூர்த்தி வாய் கோணி, வலப்பக்கமாகச் சரிந்து கிடந்தார்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். இளம் டாக்டர் லோகப்பிரியா வந்து, "கடைசியா எப்பம்மா நல்லா பேசுனாரு?" என்று கேட்டார்.

பக்கத்திலேயே நாச்சியம்மாள் நின்றார்.

"ஆறு மணிக்குங்க. காப்பி குடிச்சுட்டு நல்லாத்தான் பேசிட்டிருந்தாருங்க" என்றாள் ராமாமணி.

அவள் பொய்க்காரி அல்ல. சம்பந்தி முன்னால் மட்டும் கொஞ்சம் நாகரிகம் கூடிவிடும்.

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "அப்ப நேரம் இருக்குதுங்கம்மா. மூளைக்குப் போற குழாயில ரத்தம் கட்டியிருக்கு. அதைக் கரைக்க ஊசி போடறோம். நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டா கை கால், பேச்சு திரும்ப வாய்ப்பிருக்கு. ஆனா சிலருக்கு மூளைக்குள்ள ரத்தம் கசியலாம். சம்மதங்களா?"

"நேரம் தாண்டியிருந்தா?" என்றாள் ராமாமணி.

"செத்துப்போன பாகத்துல கசிஞ்சு உசுருக்கே ஆபத்தாயிரும். அதனாலதான் நேரத்தைக் கேட்டேன்."

நர்ஸ் மருந்தை எடுத்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொன்னால் ஊசி இல்லை. சொல்லாவிட்டால் அந்த ஊசியே ஆளைக் கொன்றுவிடலாம். மகள் புகுந்த வீட்டில் நாளைக்கு இதுதான் பேச்சாக இருக்கும் என்பதும் அந்த நேரத்தில் நினைப்புக்கு வந்தது. அவளுக்கே தன்மேல் எரிச்சல் வந்தது.

"நில்லுங்க. அவரு மூஞ்சிய நான் பாக்கவே இல்லீங்க. நாங்க பேசிக்கறதில்லீங்க. காப்பியும் அவரு குடிக்கல."

நாச்சியம்மாள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நானும் சொல்லிப்போடறனுங்க. நாலு மணிக்கு எந்திரிச்சப்ப அவரு செவுத்தப் புடிச்சுட்டு நின்னாரு. ஏனுங்கன்னு கேட்டேன். வாய் கொழறுச்சு. தூக்கக் கலக்கம்னு நெனச்சுட்டேன். ஆறு மணிக்கு நல்லா பேசுனாருன்னு நீங்களே சொல்றப்ப, மறுத்துப் பேசுனா மரியாதையா இருக்காதுன்னு சும்மா இருந்துபோட்டனுங்க."

லோகப்பிரியா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இத்தனை மரியாதையை அவர் ஒரே இடத்தில் பார்த்ததில்லை. மணி ஒன்பதரையைத் தாண்டியிருந்தது. மருந்தைத் திரும்ப வைக்கச் சொன்னார்.

"இப்பவாச்சும் சொன்னீங்களே" என்று மட்டும் சொன்னார்.

ஈஸ்வரமூர்த்தி பிழைத்துக்கொண்டார். வலக்கை எழவில்லை, பேச்சும் வரவில்லை. ஊசி போட்டிருந்தால் எழுந்து நடந்திருப்பாரா, போய்ச் சேர்ந்திருப்பாரா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. நாலு மணிக்கே ஒருவர் ராமாமணியை எழுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை மட்டும் யாரும் யாரிடமும் கேட்டுக்கொள்ளவில்லை. பவானி அண்ணன் நேரிலேயே வந்து பார்த்துவிட்டுப் போனார்.

ராமாமணி இப்போது சுவரைப் பார்ப்பதில்லை. காலையில் ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்து, "காப்பிங்க" என்கிறாள். அவரும் அவளையே பார்க்கிறார். அந்த ஒரு 'செரி'க்காக, காப்பி ஆறும்வரை காத்திருந்துவிட்டு, பிறகு அவள்தான் புகட்டிவிடுகிறாள்.