நதி வைத்திருந்த சிரிப்பு

எங்கள் குமேபாலாவில் யாருக்குக் கண் போனாலும், அவர் கடைசியாகப் பார்த்த காட்சியைக் கறுப்பு வோல்ட்டா நதி எடுத்து வைத்துக்கொள்ளும். பாறைகளுக்கு நடுவே நீர் நுரைத்து ஓடும் இடத்தில் குனிந்தால் போதும். ஒரு சிவப்புப் பசு, பாதி வேய்ந்த கூரை, ஏதோ கல்யாணத்தில் ஆடும் கால்கள், எல்லாம் தண்ணீருக்கடியில் திரும்பத் திரும்ப நடந்துகொண்டிருக்கும். அதே இடத்தில்தான் கறுப்பு ஈயும் முட்டையிடும். அது கடித்தால் உடம்புக்குள் புழு வரும், புழுவின் குஞ்சுகள் தோலை அரித்து எடுத்துவிட்டுக் கண்ணுக்கு ஏறும். இருந்தும் யாரும் ஊரை விட்டுப் போகவில்லை. ஆற்றோரத்துச் சோளம் ஆளை மறைக்கிற உயரம் வளரும், வயிற்றுக்கு யார் பதில் சொல்வது?

சோளத்திலிருந்து பிட்டோ என்ற கள்ளைக் காய்ச்சி விற்கும் போக்ஸாவுக்குக் கண் போனபோது மகள் பெர்ப்பெத்துவா வயிற்றில் இருந்தாள். போக்ஸா கடைசியாகப் பார்த்தது, புருஷன் சியேம் ஷியா மரத்தடியில் அவள் காய்ச்சிய பிட்டோவைக் குடித்துவிட்டு மீசையில் நுரையோடு சிரித்ததை. குழந்தை பிறக்குமுன்னே பாம்பு கடித்து அவன் செத்துப்போனான். ஆகவே பெர்ப்பெத்துவாவுக்கு அப்பா என்றால் ஆற்றில் இருப்பவர்தான். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து பாறையே கதி என்று கிடந்தாள். ஈக்களும் அவளை விடவில்லை. கல்யாண வயது வருவதற்குள் முழங்காலுக்குக் கீழே தோல் சிறுத்தைபோல் புள்ளி புள்ளியாக வெளுத்தது, பொழுது சாய்ந்தால் கல் தடுக்கியது. மகளின் இடுப்பில் புழு கட்டி கட்டியாகத் தட்டுப்படுவதைப் போக்ஸா விரலால் தடவிப் பார்த்து, பானையைக் கிண்டும் சாக்கில் புகைக்குள் உட்கார்ந்து அழுதாள்.

மாத்திரை வராமல் இல்லை. ஃப்ராஃப்ரா இனத்து அகொல்கோ வருஷாவருஷம் பட்டை பட்டையாய் வண்ணம் அடித்த கோலைத் தூக்கிக்கொண்டு வருவான். கோலோடு நிற்க வைத்து, உயரத்துக்குத் தக்கபடி மாத்திரை கொடுப்பான். வீட்டார் எல்லாரும் விழுங்கினால் அந்த வீட்டின் ஆற்றுக் காட்சி வெளிறும், புழு மறுபடி குஞ்சு போட்டதும் திரும்பி வரும். பிறகு ஆராய்ச்சிக்காரர்கள் புது மாத்திரை கண்டுபிடித்தார்கள். அது குஞ்சுகளை நெடுநாள் தலையெடுக்க விடாது, பெரியவர் எல்லாருக்கும் ஒரே அளவு, கோலே வேண்டாம். கோல் இல்லாமல் வந்த முதல் நாள் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. "அளக்காம குடுக்கறதெல்லாம் ஒரு மருந்தா?" என்றார்கள். மறுநாள் அகொல்கோ கோலோடு வந்து எல்லாரையும் மரியாதையாக அளந்து, எல்லாருக்கும் ஒரே அளவு கொடுத்தான். ஊருக்குத் திருப்தி.

காட்சிகள் ஒவ்வொன்றாக ஆற்றை விட்டுப் போயின. பசு போயிற்று, கூரை போயிற்று, ஆடும் கால்கள் போயின. எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் சியேமின் சிரிப்பு மட்டும் தனியாக நின்றபோது, மாத்திரையைக் கன்னத்தில் அடக்கித் துப்பியது யார் என்று ஊருக்கே புரிந்துபோயிற்று.

ஃப்ராஃப்ராக்களுக்கும் எங்களுக்கும் கேலிமுறை. எவ்வளவு திட்டினாலும் கோபப்படக் கூடாது, தரையில் படுத்துவிட்டால் கேட்டதைக் கொடுத்துத்தான் எழுப்ப வேண்டும். பெர்ப்பெத்துவா ஆற்றுக்குப் போகும் பாதையில் அகொல்கோ குறுக்கே படுத்துக்கொண்டான்.

"எந்திரிடா நாய்த்தலை தின்னி! வழிய விடு."

"நீ முழுங்கு, நான் எந்திரிக்கிறேன். இல்லேன்னா இங்கயே குழி வெட்டிப் பொதைச்சிடு. என் சாவுக்கு நல்ல பிட்டோவா ஊத்தச் சொல்லு, உங்கம்மா ஊத்துற கழுநீர் வேணாம்."

"முழுங்கினா எங்கப்பா போயிடுவாருடா!" என்று பெர்ப்பெத்துவா கத்தினாள். கேலி அதோடு நின்றுபோயிற்று.

தடியைத் தட்டிக்கொண்டு போக்ஸா வந்தாள். "உங்கப்பாவ நான் பாத்தாச்சுடி. உன்னத்தான் பாக்கல. உனக்கும் கண்ணு போச்சுன்னா என்னைப் பாக்கறதுக்கு யாருடி இருக்கா?"

பெர்ப்பெத்துவா விழுங்கினாள். வாயைத் திறந்தும் காட்டினாள். மறுநாள் காலையில் ஆற்றில் வெறும் தண்ணீர் ஓடியது. அவள் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

பாதையில் படுத்ததற்குக் கூலியாக ஒரு சுரைக்குடுவை பிட்டோ கேட்டு அகொல்கோ வந்தான். கண் தெரியாதவரின் கண்ணுக்குள் உற்றுப் பார்ப்பது எங்களிடம் கிடையாது, அவமரியாதை. நெற்றியைப் பார்த்துத்தான் பேசுவோம். கேலிமுறைக்காரனுக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் இல்லை. "பிட்டோவுல தண்ணி கலந்தியான்னு உன் கண்ணைப் பாத்தாத் தெரியும்" என்று போக்ஸாவின் முகத்தைப் பிடித்துத் திருப்பினான். குடுவை கைதவறி விழுந்தது.

"யோவ் சியேம்! நீ இங்கயா இருக்க?"

பெர்ப்பெத்துவா எழுந்து ஓடிவந்தாள். அம்மாவின் வெளுத்துப்போன கண்மணிக்குள், ஷியா மரத்தடியில், மீசையில் நுரையோடு அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். ஆற்றில் பார்த்ததைவிடத் தெளிவாக இருந்தார். ஐயோ, என்ன சொல்வது, அம்மாவின் முகத்தை இரண்டு கையாலும் விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி? என்ன பண்றாரு?" என்றாள் போக்ஸா. அவளுக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை.

"சிரிக்கிறாரும்மா. சிரிச்சுக்கிட்டே இருக்காரு."

அதன்பிறகு ஊரில் எல்லாரும் வெட்கத்தை விட்டு அவரவர் வீட்டுக் கண் தெரியாதவர்களைப் பார்த்தார்கள். மாடு மேய்த்த கிழவர் பயோரின் கண்ணில் சிவப்புப் பசு அசைபோட்டுக்கொண்டிருந்தது. சில வருஷம் கழித்து நகரத்திலிருந்து ஒரு டாக்டரம்மா விளக்கோடு வந்து பெர்ப்பெத்துவாவைச் சோதித்து, பார்வை தேறியிருக்கிறது, இனி பயமில்லை என்றார். பிறகு போக்ஸாவின் கண்ணுக்குள் குனிந்தவர் விளக்கை அணைத்துவிட்டு, வீட்டுக்காரரைப் பார்த்ததுபோல் வணக்கம் சொன்னார்.

இப்போது சந்தையில் பிட்டோ வாங்க வருகிறவர்கள் முதலில் சியேமை நலம் விசாரிக்கிறார்கள், பிறகுதான் குடுவையை நீட்டுகிறார்கள். பெர்ப்பெத்துவா பொழுது சாய்ந்தபிறகும் ஊசியில் நூல் கோக்கிறாள். படுக்கப் போகுமுன் அம்மாவின் இமைகளைத் தன் விரலால் மெல்ல மூடிவிடுகிறாள். பகல் முழுக்கச் சிரித்தவர், அவரும் கொஞ்சம் தூங்க வேண்டுமே.