தேர்ச்சி விகிதம் விழுந்த கதை

இந்த ஆண்டின் தேர்ச்சி விகிதம் ஒத்திகையின்போது கீழே விழுந்து கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டது. தள்ளிவிட்டது நான்தான். கையால் அல்ல, மூளையால்.

எங்கள் அரசு உயர்நிலைப் பள்ளியின் ஆண்டு விழாவில் அறிக்கை வாசிக்கும் பொறுப்பு இம்முறை கணக்கு வாத்தியாரான என் தலையில் விழுந்திருந்தது. ஆண்டறிக்கை என்றால் கூட்டம் கொட்டாவி விடும். தலைமையாசிரியை மட்டும் விடமாட்டார், மேடையில் உட்கார்ந்திருப்பதால். புதுமையாக ஏதாவது செய்து கூட்டத்தை எழுப்பி உட்கார வைக்கலாமென்று உயிருள்ள வரைபடம் ஒன்றைத் திட்டமிட்டேன். ஆண்டுக்கு ஒரு பிள்ளை. பொதுத்தேர்வுக் கணக்கில் பாதிப் பேர் கோட்டை விட்ட ஆண்டுகள் தரையில் நிற்கும். சுமாரான ஆண்டு ஒரு பெஞ்சின் மேல். முக்கால்வாசிக்கும் மேலே போய், ஏறக்குறைய எல்லோருமே தேறிவிட்ட இந்த ஆண்டு மட்டும் பெஞ்சு மேல் பெஞ்சு அடுக்கி, அதன் உச்சியில். கயிறு போட்டுக் கட்டியது அடியேன். தாங்குமா என்று சந்தேகப்பட்ட தமிழாசிரியருக்குக் கரும்பலகையில் கணக்குப் போட்டே நிரூபித்தேன்.

உச்சியில் ஏறியவள் இந்த ஆண்டு தேறியவர்களில் ஒருத்தி, அதிகம் வாய் திறக்காத பெண். ஏறி நின்றவள் என்னைப் பார்த்து மெல்ல வலது கையை உயர்த்தினாள். வெற்றியின் சின்னம், எனக்கே தோன்றாதது. கையை இறக்காதே, அப்படியே நில் என்று கீழிருந்து கத்தினேன். மேல் பெஞ்சு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. போன ஆண்டும் அதற்கு முந்தைய ஆண்டும் ஓடிவந்து தாங்கிப் பிடித்ததால், அடி கணுக்காலோடு போயிற்று.

முதலுதவி அறையில் அவள் காலைப் பனிக்கட்டி போட்ட வாளிக்குள் விட்டிருந்தாள். அவளுடைய அப்பா, பேருந்து ஓட்டுநர், வந்து அழைத்துப் போகும்வரை துணைக்கு நான். மடியில் அறிக்கை. அதில் ஒரு பத்தி இன்னும் காலியாக இருந்தது.

மறுநாள் விழாவுக்கு வரப்போகும் கல்வி அதிகாரி தொலைபேசியில் தேன் ஒழுகப் பாராட்டிவிட்டு, கணக்கில் இந்தத் திடீர்ப் பாய்ச்சலுக்கு என்ன காரணம், அறிக்கையில் விளக்கமாகச் சொல்லுங்கள் என்றாராம். தேனுக்குள் இருந்த கொடுக்கு தலைமையாசிரியைக்குப் புரிந்தது. பார்த்து எழுதினார்களோ என்று கேட்கிறார். காரணம் ஒப்பும்படி இல்லாவிட்டால் தேர்ச்சியை நிறுத்திவைத்து, பிள்ளைகளைத் திரும்ப எழுதச் சொல்வார்கள். மேல்வகுப்பில் சேரும் நேரத்தில் அது வந்தால் அதோகதிதான்.

வழக்கமாக இந்த இடத்தில் "ஆசிரியரின் அயராத உழைப்பால்" என்று எழுதுவார்கள். நானும் எழுதினேன், வாசித்துப் பார்த்தேன், வெட்கமாக இருந்தது, அடித்துவிட்டேன். மனதின் ஓர் ஓரத்தில் மட்டும் ஓர் ஆசை, ஒருவேளை உண்மையிலேயே என் உழைப்புதானோ என்று. யாராவது சொல்ல மாட்டார்களா? தமிழாசிரியரைக் கேட்டேன், எல்லாம் நல்லதற்குத்தான் என்றார். தலைமையாசிரியை, நீங்களே அடக்கமாக ஏதாவது எழுதுங்கள் என்றார். வீட்டில் கேட்டேன். என் மனைவி, என்னை மணந்த நாளிலிருந்து என் கணக்குகளைப் பார்த்து வருபவள், சாப்பிட வாங்க என்றாள்.

கடைசியில் வாளிக்குள் கால் வைத்திருந்தவளையே கேட்டேன்.

"நீங்க நல்லா நடத்துனீங்க சார்" என்றாள், வாளியைப் பார்த்தபடி.

"பரீட்சையெல்லாம் முடிஞ்சு போச்சும்மா. இனிமே என்கிட்ட உனக்கு ஆகவேண்டியது ஒண்ணுமில்ல. நேராச் சொல்லு."

அவள் கொஞ்ச நேரம் காலை அசைத்துப் பார்த்தாள். கோவிச்சுக்கக் கூடாது என்று ஒரு வாக்குறுதி வாங்கிக்கொண்டாள். பிறகுதான் சொன்னாள்.

வகுப்பில் எனக்கு 'ஏறக்குறைய சார்' என்று பெயராம். கணக்குப் பாதியில் இருக்கும்போது நான் ஏதாவது கதைக்குத் தாவிவிடுவேனாம். திரும்பி வரும்போது ஒரு கழித்தல் குறியோ பூஜ்யமோ வழியில் தொலைந்திருக்குமாம். அதை யார் முதலில் பிடிப்பது என்று பெஞ்சுக்குப் பெஞ்சு போட்டி. பிடிக்க வேண்டுமென்றால் நான் முடிப்பதற்குள் தாங்கள் போட்டு முடித்திருக்க வேண்டும். அதற்காக முந்தின நாளே உட்கார்ந்து போட்டுப் பார்த்துவிட்டு வருவார்களாம். கடைசி பெஞ்சு ஆசாமிகள்கூட. ஆண்டு முழுவதும் என் முதுகுக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடம் நடந்திருக்கிறது.

எனக்குச் சிரிப்பு வந்தது. இதற்கு நான் எதற்கு, எந்தத் தப்பான புத்தகம் இருந்தாலும் போதுமே என்று கேட்டேன்.

"புத்தகத்துகிட்ட கை தூக்க முடியாதே சார்" என்றாள். "மத்த க்ளாஸ்ல தப்புன்னு சொன்னா வெளியே நிக்கணும். நீங்க சாக்பீஸைக் கையில கொடுத்து, வா, நீயே போடுன்னுவீங்க. திட்டுனதே இல்ல."

நான் கைக்குட்டையைத் தேடினேன். அது வாளியில் இருந்தது, அவள் காலைச் சுற்றி.

"இன்னைக்கும் அதுக்குத்தான் சார் கை தூக்குனேன். மேல் பெஞ்சுல ஒரு பக்கம் கயிறே கட்டலை."

வெளியே பேருந்தின் ஹாரன் கேட்டது. அப்பா வந்துவிட்டார். எழ முயன்றவளுக்குத் தோள் கொடுத்தேன். மனசு மட்டும் அந்தக் காலிப் பத்தியிலேயே நின்றது. இதையெல்லாம் எழுதினால் அதிகாரி நம்புவாரா என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

"எழுத வேண்டாம் சார். மேடையில ஒரு போர்டு வைக்கச் சொல்லுங்க. அவரையே ஒரு கணக்கு கொடுக்கச் சொல்லி நீங்க போடுங்க. நாங்க கீழேருந்து கை தூக்குறோம். பார்த்துக்கட்டும்."

யோசனை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதிகாரி முன்னிலையில் நடிப்பதென்றால் எனக்கு உதறல். எந்த இடத்தில் தப்பாகப் போட வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

தேர்ச்சி விகிதம் ஒற்றைக் காலில் நின்று, முதல்முறையாக என்னை நேருக்கு நேர் பார்த்தது.

"அதெல்லாம் வேண்டாம் சார்" என்றாள். "நீங்க எப்பவும் போலப் போடுங்க. அதுவே போதும்."