நீலம் போட்ட தண்ணீர்

வாஷிங் மெஷினுக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்துவிட்டு அவள் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். ஈரம் பட்டால் தாள் கறுக்கும். எந்தப் பக்கம் முதலில் கறுக்கிறதோ அந்தப் பக்கம்தான் ஒழுக்கு. அவள் கணவன் டார்ச் விளக்கோடு தரையில் ஒருக்களித்துப் படுத்திருந்தான். பள்ளி வேன் ஓட்டுகிறவன். வண்டிக்கு அடியில் படுத்துப் பழகிய உடம்பு.

"நீ துணிய அமுக்கி அமுக்கித் திணிப்ப. அது வாயால கக்குது" என்றான்.

"நான் திணிக்கிறத நீங்க எப்பப் பாத்தீங்க? தூங்கும்போதா?"

"கிளினிக்காரங்க கோட்டு போதாதுன்னு பக்கத்து ஆஸ்டல் போர்வையும் வாங்கிட்டு வந்திருக்கியோன்னு ஒரு சந்தேகம்."

"சந்தேகப்படறதுக்குச் சம்பளம் தந்தா நாம மாடி வீடே கட்டியிருக்கலாம்."

கீழ் வீட்டிலிருந்து கம்பால் கூரையைத் தட்டும் சத்தம் வந்தது. டொக், டொக். வீட்டுக்காரர். அவருடைய படுக்கையறைக் கூரையில் சில நாட்களாகத் தண்ணீர் சொட்டுகிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் நிற்காவிட்டால் மெஷின் மாடியில் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அந்த மெஷினில்தான் அவள் கிளினிக்கின் வெள்ளைக் கோட்டுகளையும் படுக்கை விரிப்புகளையும் துவைத்துக் கொடுக்கிறாள். மெஷின் போனால் அந்த வேலையும் போகும். இன்று ஞாயிறு.

முந்தாநாள் வந்த மெக்கானிக் மூடியைக்கூடக் கழற்றவில்லை. "டிரம் போச்சு, மாத்தணும்" என்று சொல்லிவிட்டு நம்பிவிட்டாளா என்று அவள் முகத்தையே பார்த்தான். அந்தப் பார்வை அவளுக்குப் பிடிக்கவில்லை. தண்ணீர் குடிக்கக் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

"எப்ப ஒழுகுதுன்னு தெரிஞ்சா எங்க ஒழுகுதுன்னு தெரிஞ்சிடும்" என்றான் கணவன். சொல்லும்போதே அவன் குரலில் உற்சாகம் ஏறியது. சும்மா இருக்கும்போது ஒழுகினால், குழாயிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் ஹோஸ். தண்ணீர் ரொம்பும்போது ஒழுகினால், சோப்புத்தூள் போடும் ட்ரே. துணி புரளும்போது என்றால், கதவைச் சுற்றியுள்ள ரப்பர். அழுக்குத் தண்ணீரை வெளியே தள்ளும்போது என்றால், பின்னால் போகும் ஹோஸ். ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம் உண்டு. காத்திருந்தால் போதும்.

தண்ணீர் ரொம்பியது. தாள் காய்ந்திருந்தது. கோட்டுகள் புரண்டன. அவள் கதவு ரப்பரின் மடிப்பைச் சுற்றிக் காய்ந்த துணியால் ஒற்றிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. மெஷின் ஒரு நொடி மூச்சடக்கி நின்றது. பிறகு உறுமிக்கொண்டு தண்ணீரைத் தள்ளத் தொடங்கியது.

"ஏங்க! பின்னாடி!"

தாளின் பின்மூலை கறுத்துப் பரவியது.

மெஷினை முன்னால் இழுத்தார்கள். சாம்பல் நிற ஹோஸின் வளைவில், சுவரோடு உரசிய இடத்தில், ஒரு தேய்ந்த வெடிப்பு இருந்தது. மெஷின் சுற்றும்போதெல்லாம் அதிர்ந்து, அதிர்ந்து, சுவர் அதை அரம் போல அறுத்திருந்தது.

அவள் எழுந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "ஹெல்மெட் ஸ்டாண்டுக்கு இடம் பத்தலன்னு இத யாரு சுவத்தோட ஒட்டித் தள்ளுனது?"

அவன் டார்ச்சை அணைத்தான். "சைக்கிள் டியூப் துண்டு இருக்கா பாரு."

பழைய டியூபை நீளவாட்டில் வெட்டி, ஹோஸைத் துடைத்துக் காயவிட்டு, இழுத்து இழுத்துச் சுற்றி, இரண்டு பக்கமும் கிளிப் போட்டு முறுக்கினான். ஆடிக்கொண்டிருந்த காலுக்கு அடியில் உடைந்த டைல்ஸ் துண்டை வைத்தான். சுவருக்கும் மெஷினுக்கும் நடுவே அவள் தன் கையை நுழைத்துப் பார்த்து, இடைவெளி போதும் என்று தலையாட்டினாள். புதுத் தாளை விரித்து மறுபடி ஓட்டினார்கள். மெஷின் தண்ணீரை முழுவதும் தள்ளி முடித்தது. தாளை எடுத்து உதறினாள். மொறுமொறுவென்றிருந்தது.

டொக், டொக், டொக்.

கீழே போனார்கள். வீட்டுக்காரர் கட்டில் மேல் நின்றுகொண்டிருந்தார், கையில் ஒட்டடைக் கம்பு. கட்டிலின் நடுவே ஒரு பிளாஸ்டிக் பேசின். "இப்பத்தான் சொட்டுச்சு. சரி பண்ணிட்டோம்னு சொல்லிக்கிட்டு வராதீங்க."

"எங்க தரை காய்ஞ்சு கெடக்கு சார். நீங்களே மேல வந்து பாருங்க" என்றான் கணவன்.

"மேல எதுக்கு வரணும்? என் கட்டில் நனையுது."

வெளியே படிக்கட்டில் கணவன் குரலைத் தாழ்த்தினான். "அவர் தம்பி மகனுக்குக் கல்யாணம் ஆகப்போகுதாம். மாடி வேணுமா இருக்கும். செம்புத் தண்ணிய அவரே ஊத்திக்கிறாரோ என்னமோ."

"கூரையில போய் எப்படிங்க ஊத்துவாரு?" என்றாள். ஆனால் அந்தச் சந்தேகம் அவளுக்குள்ளும் புகுந்துவிட்டது. மேலே வந்தவள் அலமாரியிலிருந்த நீல பாட்டிலைக் கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றாள். வெள்ளைத் துணி மஞ்சளடிக்காமல் இருக்கக் கடைசி அலசலில் சில சொட்டு விடுவாள். திரும்பிப் படியிறங்கிப் போனாள்.

"சார், நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க. இப்ப அலசற தண்ணியில நீலத்தக் கொட்டிவிடறேன். இங்க சொட்டறது நீலமா இருந்தா அது என் தண்ணி. நான் ஒத்துக்கறேன். வெறும் தண்ணியா சொட்டுச்சுன்னா அது வேற எங்கேருந்தோ வருது. அப்புறம் எங்க மெஷினப் பத்திப் பேசக் கூடாது."

வீட்டுக்காரர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "நீயே சொல்ற."

"நானேதான் சொல்றேன்."

வீட்டுக்காரம்மா வெள்ளை பீங்கான் தட்டை எடுத்து வந்து பேசினுக்குள் வைத்தாள். கணவன் மேலே போய் நீலத்தைக் கொட்டி மெஷினை ஓட்டினான். மூன்று பேரும் கட்டிலைச் சுற்றி நின்று கூரையை அண்ணாந்து பார்த்தார்கள். மெஷின் தண்ணீரை வெளியேற்றும் உறுமல் கேட்டது. சுவரும் கூரையும் சேரும் மூலையில் ஒரு பொட்டு ஈரம் திரண்டது. கூரையை ஒட்டியே நகர்ந்து வந்து, தயங்கி, விழுந்தது.

தட்டில் நீலம்.

அடுத்த சொட்டும் நீலம்.

"பாத்தியா?" என்றார் வீட்டுக்காரர். அவர் குரலில் கோபம்கூட இல்லை, நிம்மதிதான் இருந்தது.

கணவன் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தான். தட்டைப் பார்த்தான். மூலையைப் பார்த்தான். வேகமாகப் பேச ஆரம்பித்தான். "சார், இந்தத் தாளத் தொட்டுப் பாருங்க. ஒரு சொட்டு ஈரம் இல்ல. மெஷின்லேருந்து தண்ணி சுவத்துக் குழாய்க்குள்ள ஒழுங்காப் போயிடுது. அங்கேருந்துதான் கசியுது. குழாயோட மேல்பக்கத்துல விரிசல் இருக்கு. குளிக்கிற தண்ணி மெதுவா அடியோட போகுது, விரிசலத் தொடல. மெஷின் ஒரே மூச்சா தள்ளும்போது குழாய் ரொம்பி அது வரைக்கும் ஏறுது. அதான் அப்ப மட்டும் சொட்டுது. குழாய் இந்தச் சுவத்துக்குள்ளதானே வருது?"

எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். தரையிலிருந்து கூரை வரை புது டைல்ஸ். பூ வேலைப்பாட்டுடன் பளபளவென்றிருந்தது. மூலைகளில் ஒட்டிய பாதுகாப்புத் தாளைக்கூட இன்னும் முழுதாக உரிக்கவில்லை.

"அப்ப இத ஒடைக்கணுமா?" என்றாள் வீட்டுக்காரம்மா.

வீட்டுக்காரர் டைல்ஸ் மேல் உள்ளங்கையை வைத்து ஒருமுறை தடவினார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"தண்ணி யாருது?"

"குழாய் உங்களுது சார்" என்றான் கணவன்.

"நான் ஒன்னக் கேக்கல டிரைவர். ஏம்மா, தண்ணி யாருது? நீலம் வந்தா ஒத்துக்கறேன்னு யாரு சொன்னது?"

அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நான்தான் சார்."

மாலைக்குள் மெஷின் கீழே வந்துவிட்டது. கணவனும் அவனோடு வேலை பார்க்கும் இன்னொரு டிரைவரும் கயிறு கட்டி இறக்கினார்கள். படிக்கட்டுக்கு அடியில், தண்ணீரோ கரண்டோ இல்லாத இடத்தில், சுவரைத் தொடாமல் கவனமாக நிறுத்தினார்கள். அவன் பழக்கத்தில் அதன் அடியில் ஒரு செய்தித்தாளை விரித்தான்.

கிளினிக் கோட்டுகள் மறுநாள் காலை போயாக வேண்டும். அவள் குளியலறையில் பெரிய டப்பை வைத்து ஒவ்வொன்றாகக் கசக்கினாள். நீலம் போட்டு அலசினாள். விரல் இடுக்கெல்லாம் நீலமாகியது. டப்பைச் சாய்த்தபோது தண்ணீர் சுழன்று சுழன்று சுவரோரத் துவாரத்துக்குள் இறங்கியது.

டொக், டொக், டொக்.

அவள் கையிலிருந்த கோட்டு அப்படியே நின்றது.

அடுத்த டப்பை அவள் துவாரத்தில் சாய்க்கவில்லை. இரண்டு வாளிகளில் மொண்டு ரொப்பி, கைக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். தெருச் சாக்கடை வரை போக வேண்டும். உடம்பை ஆட்டாமல் ஒவ்வொரு படியாக இறங்கினாள். படிக்கடியில் மெஷின் நின்றது. அதன் அடியில் தாள் காய்ந்து கிடந்தது.

வீட்டுக்காரர் கதவைப் பாதி திறந்து எட்டிப் பார்த்தார்.

"பாத்தும்மா" என்றார். "படியில சிந்தாம கொண்டு போ."